ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கு ஓவிய ஆசிரியர் எப்போது வருவார்?

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாயார் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. ஏழாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகள் நன்றாகப் படம் வரைகிறாள். பள்ளியிலோ ஓவிய ஆசிரியர் இல்லை. பக்கத்து நகரத்துத் தனியார் பள்ளியில் ஓவியம், பாட்டு, பரதம், கீபோர்டு எனத் தனித்தனி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். குழுக் கூட்டத்தில் இதை எடுத்தால், "அதுதான் வருஷா வருஷம் கலைத் திருவிழா நடக்கிறதே, அப்புறம் என்ன?" என்று முடித்துவிடுகிறார்கள். திருவிழா போதுமா, போதாதென்றால் யாரிடம் எதைக் கேட்பது என்று அவர் அறிய விரும்புகிறார்.

போதாது என்பதே என் பதில். போட்டி மேடையில் ஏறும் பிள்ளை ஏற்கெனவே எங்கோ கற்றுக்கொண்டு வந்திருக்கிறது. கற்காத பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும் இடம் வகுப்பறைதான். அரசுப் பள்ளிகளில் நெடுங்காலம் ஓவியம் கற்பித்தவன் என்ற முறையில் ஒரு பழக்கம் எனக்கு உண்டு. ஒரு பள்ளிக்குப் போனால் கோப்பைகள் அடுக்கிய கண்ணாடி அலமாரியைப் பார்க்க மாட்டேன். தலைமையாசிரியர் அறைச் சுவரில் ஒட்டியிருக்கும் கால அட்டவணையைப் பார்ப்பேன். அதில் ஓவியம் என்றோ இசை என்றோ எழுதிய கட்டம் இருக்கிறதா, அந்தக் கட்டத்துக்கு ஓர் ஆசிரியர் இருக்கிறாரா, அந்த நேரத்தில் உண்மையிலேயே அந்த வகுப்புதான் நடக்கிறதா என்பவற்றைக் கொண்டே அந்தப் பள்ளியில் கலைக்கல்வி இருக்கிறதா இல்லையா என்று முடிவுசெய்வேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தோடு இணைந்த அட்டவணை, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் மாணவர் சேர்க்கை 100-ஐத் தாண்டினால், கலைக்கல்வி, உடல்நலமும் உடற்கல்வியும், பணிக்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் இருக்க வேண்டும் என்கிறது. இன்றைய சிக்கல் முழுவதும் இந்த ஒரே வரிக்குள் அடங்கியிருக்கிறது. 'பகுதிநேரம்' என்று சட்டமே சொல்லிவிட்டதால் முழுநேரப் பணியிடம் கேட்பவர் சலுகை கேட்பவர்போல் ஆகிவிடுகிறார். 100 என்ற எல்லை நகரத்துப் பெரிய பள்ளிகளுக்குச் சாதகமானது. மூன்று வகுப்புகளையும் கூட்டினாலும் அறுபது எழுபது பிள்ளைகளே இருக்கும் கிராமத்து நடுநிலைப் பள்ளி அந்த வரிக்கு வெளியே நின்றுவிடுகிறது. முதல் ஐந்து வகுப்புகளைப் பற்றி அது பேசவே இல்லை. ஆறு வயதிலிருந்து பதினான்கு வயது வரைதான் சட்டத்தின் எல்லை என்பதால் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் கணக்கில் வருவதில்லை. இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட (அதாவது பாடத்திட்ட) வடிவமைப்பையொட்டி அமைந்த வல்லுநர் குழு, பத்தாம் வகுப்பு வரை கலையைக் கட்டாயப் பாடமாகவே வைக்க வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. பரிந்துரை பரிந்துரையாகவே நின்றது.

தமிழ்நாடு இந்தச் சட்டத்தை நிறைவேற்ற எடுத்த பெரிய முயற்சி, 2011இல் அறிவிக்கப்பட்டு 2012இல் நடந்த பகுதிநேரச் சிறப்பாசிரியர் நியமனம். மொத்தம் 16,549 பேர்: ஓவியத்துக்கு 5,253, உடற்கல்விக்கு 5,392, பணிக்கல்விக்கு 5,904. இசை ஆசிரியர் இதில் எங்கே என்று தேடினால், அவர் மூன்றாவது கூடையில் இருப்பார். கணினி, தையல், தோட்டக்கலை, கட்டடக்கலை, வாழ்வியல் திறன் ஆகியவற்றோடு ஒன்றாக. தையலோடு இசையைச் சேர்த்ததில் எனக்கு வருத்தமில்லை, தையலும் கலைதான். ஆனால் ஒரு பள்ளிக்கு ஒரு பணிக்கல்வி ஆசிரியர் என்றால், கணினிக்கும் இசைக்கும் இடையே எதைத் தேர்ந்தெடுக்கப் பள்ளியும் பெற்றோரும் விரும்புவார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அரசுப் பள்ளியில் 'பாட்டு டீச்சர்' அரிதான காட்சியாகிப் போனதற்கு இந்தக் கூடைக் கணக்கும் ஒரு காரணம்.

அவர்களுக்கு முதலில் கொடுக்கப்பட்ட மாதத் தொகுப்பூதியம் 5,000 ரூபாய். அது 2014இல் 7,000, 2017இல் 7,700, 2021இல் 10,000, 2024இல் 12,500 என உயர்ந்தது. கோடை விடுமுறை வரும் மே மாதத்துக்கு ஊதியம் கிடையாது என்பது அவர்களுடைய நெடுநாள் குறையாக இருந்துவந்தது. இறந்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள், வேறு வேலை கிடைத்துப் போனவர்கள் எனக் குறைந்து குறைந்து, 16,549 பேர் ஏறத்தாழ 12,000 பேராக ஆகிவிட்டார்கள்; போனவர்களின் இடங்கள் பெரும்பாலும் நிரப்பப்படவில்லை. பணிநிரந்தரம் என்பது 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. அறிக்கையின் 181ஆவது வாக்குறுதியாக இடம்பெற்றது. அந்த எண்ணையே முழக்கமாக்கி அவர்கள் சென்னையில் பள்ளிக்கல்வித் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.பி.ஐ. வளாகத்தில் உட்கார்ந்திருந்ததைப் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். இதை அவர்களுடைய தொழிற்சங்கப் பிரச்சினை என்று மட்டும் பெற்றோர்கள் ஒதுக்கிவிடுவது தவறு. உங்கள் பள்ளியில் ஓவிய ஆசிரியர் இல்லாமல் போனதற்கு, பெரும்பாலும், அவரால் அந்த ஊதியத்தில் நீடிக்க முடியவில்லை என்பதே காரணமாக இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். பகுதிநேர ஆசிரியரின் பணி வாரத்துக்கு மூன்று அரைநாள். அரைநாளுக்கு நான்கு பாடவேளை என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்குப் பன்னிரண்டு. ஆறு, ஏழு, எட்டு என ஒவ்வொரு வகுப்பிலும் ஒரே பிரிவுள்ள பள்ளியில், அது வகுப்புக்கு நான்கு பாடவேளை என்றாகிறது. வாரத்துக்கு இரண்டு பாடவேளை ஓவியம் ஒழுங்காக நடந்தாலே மூன்று ஆண்டுகளில் ஒரு பிள்ளையை நல்ல நிலைக்குக் கொண்டுவந்துவிட முடியும் என்று என் அனுபவத்தில் சொல்வேன். ஆக, சின்னப் பள்ளியில் குறைவது நேரமன்று. அந்த நேரம் வேறு எதற்கோ போய்விடுகிறது. விடுப்பில் போன ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ளுதல், பள்ளி, மாணவர் விவரங்களை எமிஸ் இணையதளத்தில் ஏற்றுதல், ஆண்டு விழா மேடைக்கு எழுத்து வெட்டுதல், சுவரில் திருக்குறள் எழுதுதல் என ஓவிய ஆசிரியருக்கு ஓவிய வகுப்பைத் தவிர எல்லா வேலையும் உண்டு. தேர்வு நெருங்கினால் டிராயிங் பீரியட் கணக்குப் பீரியடாக மாறும். இதற்குக் கணக்கு ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவரிடம் தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள், ஓவிய ஆசிரியரிடம் எதையும் கேட்பவர் இல்லை.

முழுநேரப் பணியிடங்களின் நிலையும் இதே விதம்தான். ஆசிரியர் தேர்வு வாரியம் 2017இல் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்து அறிவித்த சிறப்பாசிரியர் இடங்கள் 1,325. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளின் எண்ணிக்கை 37,000-க்கும் மேல். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பெற்றோர்கள் அறிந்திருப்பது அவசியம் என்று நினைக்கிறேன். பகுதிநேர ஆசிரியர்களுக்கான ஊதியம், ஒன்றிய அரசும் மாநில அரசும் பகிர்ந்துகொள்ளும் சமக்ர சிக்ஷா திட்டத்தின்வழி வருகிறது. அதற்கு முன்பு அனைவருக்கும் கல்வி இயக்கத்தின்வழி வந்தது. திட்ட நிதி என்பது ஆண்டுதோறும் ஒப்புதல் பெற வேண்டிய நிதி. ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீயில் சேர மாநிலம் மறுத்ததை ஒட்டி, 2024–25ஆம் ஆண்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது தனி விவாதம். ஆனால் கணித ஆசிரியரின் ஊதியம் மாநில வரவுசெலவுத் திட்டத்தில் நிலையான தலைப்பில் இருக்கும்போது, ஓவிய ஆசிரியரின் ஊதியம் மட்டும் இப்படியொரு திட்டத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதை அது அம்பலப்படுத்தியது. அரசு ஒரு பாடத்தை உண்மையில் எவ்வளவு முக்கியமாகக் கருதுகிறது என்று தெரிந்துகொள்ள, அதன் ஆசிரியருக்கு எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து பணம் போகிறது என்று பார்த்தால் போதும்.

தொடக்கப் பள்ளியில் நிலைமை இன்னும் விசித்திரமானது. அரசு ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கிரையான்களையும், மூன்றிலிருந்து ஐந்து வரை வண்ணப் பென்சில்களையும் விலையில்லாமல் கொடுக்கிறது, நல்ல செயல். ஆனால் அந்த வகுப்புகளுக்கு ஓவிய ஆசிரியர் என்ற பணியிடமே இல்லை. ஓவிய ஆசிரியர் இருக்கக்கூடிய ஆறாம் வகுப்புக்குப் பிள்ளை வந்ததும் கையில் கணித உபகரணப் பெட்டி கிடைக்கிறது, வண்ணம் நின்றுவிடுகிறது. வண்ணம் இருக்கும் இடத்தில் ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இருக்கும் இடத்தில் வண்ணம் இல்லை. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பாட்டு, கதை, பொம்மலாட்டம் எல்லாம் வகுப்பறைக்குள் வந்தன என்பதை மறுக்க முடியாது. அவை அங்கே எழுத்தையும் எண்ணையும் கற்பிக்கும் கருவிகளாக வந்தன. நீர்ச் சுழற்சியை ஆடிக் காட்டுவதும் பெருக்கல் வாய்பாட்டைப் பாடிக் காட்டுவதும் நல்ல கற்பித்தல் உத்திகளே. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை பெரிதாகப் பேசும் 'கலையோடு இணைந்த கற்றல்' என்பதும் இந்த வகைதான். இதனால் அறிவியல் நன்றாகப் புரியலாம். ஆட்டம் கற்றுக்கொண்டதாக ஆகாது. ஆசிரியர் பணியிடத்தை உருவாக்காமலேயே 'எல்லாப் பாடத்திலும் கலை இருக்கிறது' என்று சொல்லிக்கொள்ள இது வசதியாக இருப்பதால் இதை நான் கொஞ்சம் சந்தேகத்தோடே பார்க்கிறேன்.

இனி, கலைத் திருவிழாவுக்கு வருவோம். 2022–23ஆம் கல்வியாண்டில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படிக்கும் அரசுப் பள்ளி மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்டு, பின்னர் ஒன்றாம் வகுப்பிலிருந்தே விரிவாக்கப்பட்ட இந்தத் திருவிழா, பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் எனப் படிப்படியாக நடக்கிறது. கலையரசன், கலையரசி என்ற பட்டங்களும், வெற்றி பெற்றவர்களில் சிலருக்கு வெளிநாட்டுப் பயணமும் உண்டு. பறையும் சிலம்பமும் ஒயிலும் களிமண் சிற்பமும் அரசின் மேடையில் ஏறியதை நான் பெரிய மாற்றமாகவே கருதுகிறேன். மேடை ஏறியிராத ஒரு பிள்ளை முதல் முறையாக மைக் முன்னால் நிற்பதற்கும் மதிப்பு உண்டு. ஆனால் வகுப்பு இல்லாத பள்ளியில் திருவிழா எப்படி நடக்கிறது தெரியுமா? அறிவிப்பு வந்த பிறகு பத்து நாள் அவசர ஒத்திகை. கைப்பேசியில் காணொளி பார்த்து நடனம். பரத உடைக்கும் ஒப்பனைக்கும் வாடகை. வட்டார அளவைத் தாண்டும்போது, வெளியே தனிவகுப்புக்கு அனுப்ப முடிந்த பெற்றோரின் பிள்ளை முன்னே போய்விடுகிறது. உங்கள் மகள் நன்றாக வரைவதாகச் சொல்கிறீர்கள். பரிசு அவளுக்குக் கிடைக்கலாம். அவள் வகுப்பில் இருக்கும், தனக்கு வரைய வருமா என்றே இன்னும் தெரியாத மற்ற இருபத்தைந்து பிள்ளைகளுக்குத் திருவிழாவால் என்ன கிடைக்கும்?

அண்டை மாநிலமான கேரளம் இந்த வழியில் நமக்கு வெகு முன்பே நடந்துபோயிருக்கிறது. 1957இல் எர்ணாகுளத்தில் தொடங்கிய அவர்களுடைய பள்ளிக் கலோத்ஸவம் இன்று ஆயிரக்கணக்கான மாணவர்கள் பங்கேற்கும் பெருவிழா. அங்கே 1986 முதல் கலாதிலகம், கலாபிரதிபா என்ற தனிநபர் பட்டங்களைக் கொடுத்துவந்தார்கள். உடைக்கும் தனிப்பயிற்சிக்கும் பெற்றோர் கடன்பட்டுச் செலவழிப்பதும், முடிவுகளை எதிர்த்து மேல்முறையீடு செய்வதும் பெருகிப்போய், 2006இல் அந்தப் பட்டங்களை நிறுத்திவிட்டுத் தரநிலை முறைக்கு மாறினார்கள். அவர்கள் இருபது ஆண்டு பட்டுத் தெளிந்து கைவிட்டதை நாம் வேறு பெயரில் எடுத்துக்கொண்டிருக்கிறோமோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு இலங்கையில் இருக்கிறது. அங்குள்ள தமிழ்மொழிப் பள்ளிகளில் ஆறாம் தரத்திலிருந்து ஒன்பதாம் தரம் வரை சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் என்ற அழகியற் பாடங்களில் ஒன்றைப் படித்தாக வேண்டும், நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைப் போன்ற க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையிலும் அவற்றைத் தெரிவுப் பாடமாக எடுக்கலாம், செயன்முறைப் பரீட்சையும் உண்டு. பாடம் இருந்தால் ஆசிரியர் வேண்டும். ஆசிரியர் வேண்டுமென்றால் அவரை உருவாக்கும் இடம் வேண்டும். மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும், யாழ்ப்பாணத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகத்தின் வழிவந்த பல்கலைக்கழகத் துறைகளும் பட்டதாரிகளை உருவாக்குகின்றன. அவர்களில் பலர் பள்ளிக்கே ஆசிரியர்களாகத் திரும்புகிறார்கள். மலையகத்திலும் பின்தங்கிய வலயங்களிலும் ஆசிரியர் பற்றாக்குறை அங்கும் உண்டு. பரீட்சைக்காகவே படிக்கும் சலிப்பும் உண்டு. ஆனாலும் ஒரு விவசாயக் கூலியின் மகள் பள்ளியிலேயே சங்கீதம் கற்றுப் பரீட்சை எழுதி, பல்கலைக்கழகம் போய், சங்கீத ஆசிரியராகத் திரும்பி வரும் வழி அங்கே போடப்பட்டிருக்கிறது. நம்முடைய பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஐந்து பாடங்கள். கலைக்கு அவற்றில் இடமில்லை. தேர்வு வைத்தால்தான் மதிப்பு என்ற கருத்து எனக்குப் பிடித்ததன்று. ஆனால் மதிப்பெண்ணில் இல்லாத பாடத்துக்கு ஆசிரியர் கேட்டுக் கோப்பு நகராது என்பது நம் அலுவலகங்களின் நடைமுறை.

நிதியைப் பங்கிடும் முறைக்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சொல்லலாம். அங்கே 2022 நவம்பரில் வாக்காளர்கள் நேரடியாக ஒப்புக்கொண்ட 28ஆவது முன்மொழிவின்படி, பள்ளிகளுக்கு அரசமைப்பு உறுதியளிக்கும் நிதியில் ஒரு விழுக்காட்டுக்கு ஈடான தொகை கலைக்கும் இசைக்கும் கூடுதலாக ஒதுக்கப்படுகிறது. முதல் ஆண்டில் அது ஏறத்தாழ 93.8 கோடி டாலர். அந்தத் தொகையில் 70 விழுக்காடு மாணவர் எண்ணிக்கைப்படியும், 30 விழுக்காடு ஏழை மாணவர்களின் எண்ணிக்கைப்படியும் பிரிகிறது. ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிக்குக் கூடுதல் பங்கு. மாணவர் எண்ணிக்கை 500-ஐத் தாண்டும் பள்ளி மாவட்டங்கள் அதில் 80 விழுக்காட்டை ஆசிரியர்களையும் உதவியாளர்களையும் அமர்த்தவே செலவிட வேண்டும். பணம் கருவிகளாகவும் கட்டடமாகவும் கரைந்துவிடாமல் ஆளாக நிற்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவைத்த அந்த முன்யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. ஏற்கெனவே இருந்த கலைச் செலவை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் இந்தப் பணத்தை வைக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. அப்படியிருந்தும் லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளி மாவட்டம் அதைத்தான் செய்தது என்று குற்றஞ்சாட்டி 2025இல் வழக்குத் தொடரப்பட்டது. நிதி வந்த பிறகும் பெற்றோர் கணக்குக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

ஆசிரியர் வந்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். வகுப்பில் என்ன நடக்க வேண்டும்? நம் பள்ளிகளில் 'இயற்கைக் காட்சி வரை' என்றால், கன்னியாகுமரியிலிருந்து திருவள்ளூர் வரை எல்லாப் பிள்ளைகளும் ஒரே படத்தை வரைவார்கள்: இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், ஒரு குடிசை, ஓர் ஓடை, ஓரத்தில் தென்னை, மேலே 'வி' எழுத்துபோல் நான்கு பறவைகள். மலையையே பார்த்திராத கடற்கரை ஊர்ப் பிள்ளையும் இதைத்தான் வரையும். கரும்பலகையில் ஆசிரியர் வரைந்ததை அவரும் தம் ஆசிரியரிடமிருந்து எடுத்திருப்பார். தரமான ஓவிய வகுப்பின் முதல் வேலை இந்தப் படத்தை மறக்கச் செய்வது. வாசலில் கிடக்கும் செருப்பை வரையச் சொல்லலாம். மத்தியானச் சாப்பாட்டுத் தட்டை, சன்னல் கம்பியின் நிழலை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழியின் காதை வரையச் சொல்லலாம். பார்க்கக் கற்றுக்கொண்ட கை பிறகு தானாகவே வரையும். இதற்கு விலை உயர்ந்த தாள் வேண்டாம், கரித்துண்டும் பழைய செய்தித்தாளும் போதும். பார்க்கச் சொல்லித்தரத் தெரிந்த ஓர் ஆள் வேண்டும்.

இசைக்கும் அப்படியே. தமிழ்நாட்டின் ஒவ்வோர் அரசுப் பள்ளிப் பிள்ளையும் காலை வணக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்தைப் பாடுகிறது. 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, முல்லைப்பாணியில், அதாவது மோகன ராகத்தில், மூன்றன் நடையில், 55 வினாடிகளில் பாட வேண்டும் என்று சொல்கிறது. ஆக, ஐந்து சுரங்களால் ஆன ஒரு ராகமும் ஒரு தாள நடையும் எல்லாப் பிள்ளைகளின் காதிலும் நாவிலும் ஏற்கெனவே ஏறியிருக்கின்றன. அந்தப் பாட்டிலிருந்தே சுரம் எது, நடை எது என்று பிரித்துக் காட்டி ஓராண்டு இசை வகுப்பை நடத்திவிடலாம். அதைச் செய்ய ஆளில்லாததால், பத்தாண்டுகள் நாள்தோறும் மோகனத்தைப் பாடிய பிள்ளை, அது மோகனம் என்று தெரியாமலே பள்ளியை விட்டுப் போகிறது.

நியாயமான வாய்ப்பு என்று பேசும்போது, எந்தக் கலைக்கு வாய்ப்பு என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. தனியார் பள்ளியில் இருப்பது பரதமும் கீபோர்டும் என்பதால் அதையே அரசுப் பள்ளியிலும் கொண்டுவந்து வைப்பதுதான் சமத்துவம் என்று நான் நினைக்கவில்லை. விரும்பும் பிள்ளைக்கு அதுவும் வேண்டும் என்பது வேறு. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளில் பலருடைய வீட்டிலேயே கலை இருக்கிறது. தாத்தா பறை அடிப்பார், சித்தப்பா கூத்தில் கட்டியக்காரன், அம்மாச்சி ஒப்பாரி பாடுவார். சாதியின் பெயரால் இழிவாகப் பார்க்கப்பட்டதால் அந்தப் பிள்ளை வீட்டுக் கலையை வகுப்பில் மறைத்தே வளர்கிறது. பள்ளி அதைப் பாடமாக மதிக்கும்போது பிள்ளையும் நிமிர்ந்து உட்காரும். காஞ்சிபுரம் அருகே பெ. ராஜகோபாலும் அவருடைய துணைவியார் ஹன்னே டி புரூயினும் நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலம் இதைச் செய்துகாட்டியது. ஆண்களின் கலையாகவே இருந்துவந்த கூத்தில் பெண் பிள்ளைகளையும் சேர்த்து, பள்ளிப் படிப்பையும் கூத்துப் பயிற்சியையும் ஒரே வளாகத்தில், 2002இலிருந்து 2020 வரை, நடத்தினார்கள். தனிமுயற்சி என்பதால் அதற்கு ஓர் ஆயுள் இருந்தது. அதிலிருந்து கற்க வேண்டியதை அரசுப் பள்ளி அமைப்பு எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் மனக்குறை.

பள்ளிக்கு வெளியே அரசு நடத்தும் இடங்களும் இருக்கின்றன. பெற்றோர் பலருக்கு அவை தெரிவதில்லை. கலை பண்பாட்டுத் துறையின் கீழ் 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இயங்குகின்றன. அங்கே குரலிசை, வயலின், மிருதங்கம், பரதம், நாதசுரம், தவில், தேவாரம் ஆகியவற்றில் மூன்றாண்டுப் பயிற்சி உண்டு. ஆனால் அது பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்கோ இடையில் விட்டவர்களுக்கோ பொருந்தும் அளவுக்கு ஏழாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகளுக்குப் பொருந்தாது. அவளுக்கு ஏற்றது ஜவகர் சிறுவர் மன்றம். ஐந்து வயதிலிருந்து பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஓவியம், பாட்டு, நடனம் ஆகியவற்றை மிகக் குறைந்த கட்டணத்தில் பள்ளி நேரத்துக்கு வெளியே கற்பிக்கிறார்கள். மாவட்டத் தலைநகரில் இருப்பவருக்கு இது வரம். முப்பது கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்கு, பிள்ளையோடு கூடப் போகும் தாயின் ஒருநாள் கூலியும் பேருந்து நேரமும் சேர்ந்து கட்டணத்தைவிடப் பெரிய தடையாகிவிடும். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து வந்த பிறகு இது சற்றே எளிதாகியிருக்கிறது.

இப்போது, உங்கள் குழு செய்யக்கூடியவை. முதலில் தலைமையாசிரியரிடம் ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளின் கால அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். சண்டைக்குப் போவதுபோல் வேண்டாம். அவரும் ஆளில்லாமல் திண்டாடுபவர்தான். உங்கள் பள்ளிக்கு 2012இல் பகுதிநேர ஓவிய ஆசிரியர் ஒதுக்கப்பட்டாரா, எப்போது விலகினார், அந்த இடம் இப்போது காலியிடமாகக் காட்டப்படுகிறதா அல்லது கணக்கிலிருந்தே போய்விட்டதா என்று வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பிக்கலாம். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். இந்தத் தகவல் கையில் இல்லாமல் "ஆசிரியர் வேண்டும்" என்று பொதுவாகத் தீர்மானம் போட்டால் அது கோப்பில் தூங்கும்.

உங்கள் பள்ளியில் சேர்க்கை 100-க்குக் கீழே இருந்தால் தனியாகக் கேட்டுப் பயன் குறைவு. அருகருகே உள்ள பள்ளிகளை இணைக்கும் அதே குறுவள மையத்துக்கு உட்பட்ட மூன்று நான்கு பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்கள் ஒரே வாசகத்தில் தீர்மானம் போட்டு, ஓர் ஓவிய ஆசிரியரையும் ஓர் இசை ஆசிரியரையும் பகிர்ந்துகொள்ளத் தயார் என்று கேட்கலாம். நாளுக்கு ஒரு பள்ளி என்று அவர் சுற்றிவந்தாலே எல்லாப் பிள்ளைகளுக்கும் வாரம் ஒரு முழு வகுப்பு கிடைக்கும். பயணப்படி தராமல் சுற்றச் சொன்னால் அவரும் ஓடிவிடுவார் என்பதால் அதையும் தீர்மானத்திலேயே எழுதுங்கள். ஆசிரியர் வரும்வரை உள்ளூர்க் கலைஞர் ஒருவரை அழைக்கலாம். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்தவர்கள் உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ கட்டாயம் இருப்பார்கள். பொன்னாடை போர்த்திச் சும்மா அனுப்பிவிடாமல் மணிக்கணக்கில் மதிப்பூதியம் கொடுங்கள். வகுப்பு நடக்கும்போது பள்ளி ஆசிரியர் ஒருவர் உடன் இருக்கட்டும். அந்த ஊதியத்துக்கு முன்னாள் மாணவர்களிடமும் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழியிலும் நன்கொடை கேட்கலாம். ஸ்மார்ட் போர்டு வாங்கித் தருகிறேன் என்று வருபவரிடம், அந்தப் பணத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு பறை ஆசிரியரை அமர்த்தித் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். சிலர் ஒப்புக்கொள்வார்கள்.

தீர்மானத்தின் வாசகத்துக்கு என் யோசனை இது: "ஆறு முதல் எட்டு வரையுள்ள ஒவ்வொரு வகுப்புக்கும் வாரம் இரண்டு பாடவேளை கலைக்கு ஒதுக்கப்பட வேண்டும், அந்தப் பாடவேளைகள் வேறு பாடத்துக்கோ அலுவலகப் பணிக்கோ பயன்படுத்தப்பட்டால் அது பதிவேட்டில் காரணத்தோடு குறிக்கப்பட வேண்டும், குழு மாதந்தோறும் அந்தப் பதிவேட்டைப் பார்வையிடும்." இதைப் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்திலும் சேர்த்துவிடுங்கள். ஆசிரியர் வருவதற்கு முன்பே அந்தக் கட்டம் அட்டவணையில் இருக்கட்டும். காலியாக இருக்கும் கட்டத்தைக் காட்டி ஆள் கேட்பது எளிது. கட்டமே இல்லாத பள்ளிக்கு அலுவலகத்தில் யாரும் ஆளை ஒதுக்க மாட்டார்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் முதல் வாரத்தில்தான் அட்டவணை போடுவார்கள் என்பதால், உங்கள் குழுக் கூட்டத்தை அதற்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள்.